சத்தமில்லாமக் குடிச்ச பன்னெண்டு கப்

போன வாரம் எங்க ஆபீஸ்ல ஒரு ட்ரெயினிங். கோயம்புத்தூர்ல ஐடி கம்பெனில சேர்ந்து எட்டு மாசம் ஆச்சு, இது நாலாவது ட்ரெயினிங். இந்தத் தடவ தலைப்பு, க்ளையன்ட் முன்னாடி எப்படி நடந்துக்கறது. கை எப்படிக் குடுக்கறது, விசிட்டிங் கார்ட எந்தப் பக்கம் திருப்பி நீட்டறது, லிஃப்ட்ல யாரு மொதல்ல ஏறறது. மூணு மணி நேரம். நான் பொதுவா இந்த மாதிரி செஷன்ல கடைசி வரிசைல உக்காந்து ஃபோன்ல மீம் பாத்துட்டு இருக்கற கேஸு. அன்னைக்கும் அதான் பண்ணிட்டு இருந்தேன்.

அப்ப அந்த ட்ரெயினர் மேடம் சொன்னாங்க, "டீ, காஃபி, சூப், எதுவா இருந்தாலும் உறிஞ்சற சத்தம் வரவே கூடாது. நீங்க எவ்ளோ சூப்பரா பேசுனாலும் க்ளையன்ட்டுக்கு அந்தச் சத்தம் மட்டும்தான் ஞாபகத்துல நிக்கும்." சொல்லிட்டு ஒரு காலிக் கப்ப எடுத்து 'சர்ர்ர்'னு உறிஞ்சிக் காட்டுனாங்க. மொத்த ஹாலும் சிரிச்சுது. நானும் சிரிச்சிருக்கணும், நியாயமா. வாய் வரைக்கும் வந்துச்சு, அதுக்கப்புறம் வரல. எந்திரிச்சு வெளிய போயிட்டேன். டீம் லீட் மெசேஜ் போட்டாரு, 'உடம்பு சரியில்லையா?'ன்னு. ஆமான்னு போட்டுட்டேன். வேற என்ன டைப் பண்றது?

மேட்டர் என்னன்னா, அதே பாடத்த, அதே மாதிரி டம்ளர கைல வெச்சு உறிஞ்சிக் காட்டி, நானும் ஒருத்தருக்கு எடுத்திருக்கேன். அப்ப எனக்கு பத்து வயசு. ஸ்டூடன்ட், எங்கப்பா.

எங்கப்பா டீ மேக்கர். இத எங்க சொன்னாலும் டீ மாஸ்டர்னு நெனச்சுக்குவாங்க, காலேஜ்ல நாலு வருசம் இதயே வெளக்கி வெளக்கி செத்தேன். டீ போட்டுக் குடுக்கறவர் இல்ல. குன்னூருக்கு மேல எங்க ஊர்ல ஒரு சின்ன டீ ஃபேக்டரி. சுத்துவட்டாரத்துல அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வெச்சிருக்கறவங்க பறிச்சுக் கொண்டு வர்ற இலைய வாங்கி அரைச்சுத் தூளாக்கற எடம். பச்ச இலை உள்ள வந்து, தூளா மூட்ட கட்டி வெளிய போற வரைக்கும் எங்கப்பா பொறுப்பு. அதுக்கு அவருகிட்ட இருந்த ஒரே மெஷின் அவரு நாக்கு.

மணிக்கு ஒருக்கா, அப்ப வந்த தூள்ல கொஞ்சம் எடுத்து டீ போட்டு, ஒரு ஸ்பூன ஒதட்டுக்கிட்ட கொண்டு போவாரு. ஒரே இழுப்பு. புதுத் துணிய டெய்லர் கிழிப்பாருல்ல, அந்தச் சத்தம். வாய்க்குள்ள ரெண்டு உருட்டு, ஓரத்துல துப்பு. "ட்ரையர்ல சூடு பத்தல"ன்னுவாரு. போய்ப் பாத்தா பத்தாமத்தான் இருக்கும். ஒரு தடவ இப்படித்தான் ஒரே உறிஞ்சுல "புகை ஏறுது"ன்னு சொல்லி ட்ரையர நிறுத்த வெச்சாரு. அதோட அடுப்புத் தகரத்துல குண்டூசி சைசுக்கு ஒரு ஓட்ட. மொதலாளி வீட்ல இருந்து அன்னைக்கு எங்களுக்கு ஒரு கிலோ மைசூர்பாக் வந்துச்சு. அந்த மைசூர்பாக் எனக்கு ஞாபகம் இருக்கு, அது எதுக்கு வந்துச்சுங்கறத மட்டும் வசதியா மறந்துட்டேன்.

பிரச்சன என்னன்னா, அவருக்கு ஊட்டுல குடிச்சாலும் அந்தப் பழக்கம் விடாது. ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்ல சுவரு அட்ட மாதிரி. காலைல அவரு டீ குடிச்சா பக்கத்து ஊட்டுக்காரங்களுக்கு அலாரம் வேண்டியதில்ல.

அஞ்சாவதுல என்னைய குன்னூர்ல ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்ல போட்டாங்க. அங்க வெள்ளிக்கெழம கடைசிப் பீரியட் மேனர்ஸ் பீரியட். சத்தியமா அப்படித்தான் டைம் டேபிள்ல போட்டிருக்கும். ஒரு மிஸ் ஃபோர்க், ஸ்பூன், ஒரு தட்டு எல்லாம் கொண்டு வருவாங்க. தட்டுல ஒண்ணும் இருக்காது. இல்லாத சாப்பாட்ட சத்தமில்லாம மெல்லணும். நான்தான் க்ளாஸ்லயே ஃபர்ஸ்ட். இல்லாத சூப்ப என்ன மாதிரி அழகா யாராலயும் குடிக்க முடியாது.

அந்த வருசம் பேரன்ட்ஸ் மீட்டிங்ல எல்லாருக்கும் பேப்பர் கப்புல டீ குடுத்தாங்க. அப்பாவ கண்ணாலயே தடுத்தேன், அவரு பாக்கல. சர்ர்ர்ருப். ஹாலு பூரா திரும்பிப் பாத்துச்சு. அதோட விட்டாரா? வாய்ல உருட்டி முழுங்கிட்டு, எங்க க்ளாஸ் மிஸ்கிட்ட ரொம்ப மரியாதையா, "ஏனுங்க மிஸ், இந்தத் தூளு எங்கீங்க வாங்குனீங்க? கொஞ்சம் தீஞ்சிருக்குதுங்க. சொன்னா மாத்திக் குடுப்பாங்க"ன்னாரு.

அடுத்த நாள்ல இருந்து என் பேரு 'சர்ரு'. அட்டெண்டன்ஸ் எடுத்தா என் பேருக்கு நான் 'ப்ரெசன்ட் மிஸ்' சொல்றதுக்குள்ள பின்னாடி பெஞ்சுல இருந்து சர்ர்ர்னு ஒரு சத்தம் வரும். "உங்கப்பாவுக்கு வாய்க்குள்ளயே ஸ்ட்ரா இருக்குதாடி?"ன்னு ஒருத்தி கேட்டா. அவதான் என் பெஸ்ட் ஃப்ரெண்டு வேற. நான் ஊட்டுல ஒண்ணும் சொல்லல.

இது நடந்து ஒரு மாசத்துல எங்க மாமா வந்தாரு, அம்மாவோட தம்பி. குன்னூர்ல ஒரு டீ வாங்கற கம்பெனில ஜீப் ஓட்டிட்டு இருந்தாரு. செருப்பக்கூட கழட்டாம வாசல்ல நின்னுட்டே சொன்னாரு, "மச்சான், எங்க ஆபீஸ்ல டேஸ்டிங் ரூமுக்கு ஆள் எடுக்கறாங்க. பெரிய சாருக்கு அசிஸ்டென்ட். வர்ற சனிக்கெழம ட்ரையல். உங்க பேரச் சொல்லிட்டு வந்துட்டேன்."

அம்மா அடுப்ப அணைச்சுட்டு வெளிய வந்துட்டாங்க. சாதாரண விசயம்னா அம்மா அடுப்ப அணைக்க மாட்டாங்க.

ஏன்னா அப்பாவுக்கு இருமல். டீ ஃபேக்டரில தூள் சலிக்கற ரூமுக்குள்ள ஒரு தூசி பறக்கும், பஞ்சு மாதிரி, செவப்பா. அது பன்னெண்டு வருசமா அவரு நெஞ்சுக்குள்ள போயிட்டு இருந்துச்சு. காலைல எந்திரிச்சா அரை மணி நேரம் இருமித் தீத்துட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பாரு. டாக்டர் வேற சொல்லிட்டாரு, மருந்து எல்லாம் அப்புறம், மொதல்ல அந்தத் தூசிய விட்டு வெளிய வாங்கன்னு. அந்த டேஸ்டிங் ரூம்ல தூசி கெடையாது. கண்ணாடி ஜன்னல், டைல்ஸ் தரை, வெள்ளக் கப்பு. மாமா கைய ஆட்டி ஆட்டி வெளக்குனாரு.

"டீ பாக்கறது ஒண்ணும் பயமில்ல மாப்ள"ன்னாரு அப்பா. "அங்க எப்படி உக்கார்றது, எந்திரிக்கறது, அந்த சாருகிட்ட என்ன பேசறது, அதெல்லாம் தான் ஒண்ணும் தெரியாது. நமக்கு இலைகூடப் பேசித்தான் பழக்கம்."

அப்புறம் என்னையப் பாத்தாரு. "அம்முணி, உனக்குத்தான் ஸ்கூல்ல இதெல்லாம் சொல்லித் தர்றாங்கல்ல? அப்பாவுக்கும் சொல்லிக் குடு."

அவ்வளவுதான். ஒரு பத்து வயசுப் புள்ளைக்கு குடுக்கக் கூடாத பவரு அது.

அன்னைக்கே ஒரு பழைய நோட்ட எடுத்து கோடு போட்டு, மேல 'அப்பா மேனர்ஸ்'னு எழுதிட்டேன். தெனமும் சாயங்காலம் க்ளாஸ். கதவத் தட்டிட்டு 'மே ஐ கம் இன் சார்'. அப்பா அத 'மேய்க் கமின்'னு சொல்லுவாரு, இருவது தடவ சொல்ல வெச்சேன். உக்காருங்கன்னு சொன்னப்புறம் தான் உக்காரணும். கைய நெஞ்சுக்குக் குறுக்க கட்டிட்டு நிக்கக் கூடாது, பண்ணையார் முன்னாடி நிக்கற மாதிரி இருக்கும். ரெண்டு கையாலயும் கும்புட்டுட்டே கை குடுக்கக் கூடாது, ஒரு கை, ஒரு குலுக்கு, விட்டுடணும். 'ஏனுங்க சார்' கெடையவே கெடையாது. கிளம்பறப்ப 'தேங்க்யூ ஃபார் யுவர் டைம் சார்'. கடைசியா மார்க் போடுவேன், பத்துக்கு இவ்ளோன்னு. மொத நாள் மூணு மார்க். அம்மா காய் நறுக்கிட்டே, "ஆமா, கலெக்டரு வேலைக்குப் போறாரு. அந்த டீச்சரம்மா மொதல்ல தன்னோட சாக்ஸத் தொவைக்கட்டும்"னாங்க. டீச்சரம்மா கண்டுக்கல.

நாலாவது நாள் டீ பாடம்.

ரெண்டு சில்வர் டம்ளர்ல டீ. நான் மொதல்ல அவரு எப்படிக் குடிப்பாருன்னு உறிஞ்சிக் காட்டுனேன், சர்ர்ர்னு, நல்லா ஓவரா. அம்மாவுக்கே சிரிப்பு வந்துருச்சு. அப்புறம் எப்படிக் குடிக்கணும்னு காட்டுனேன். அப்பா சிரிச்சுட்டே சொன்னாரு, "இல்ல கண்ணு, மத்ததெல்லாம் சரி. டீ பாக்கறப்ப உறிஞ்சித்தான் ஆகோணும். காத்தும் டீயும் ஒண்ணா உள்ள போனாத்தான் மூக்குக்குத் தெரியும். மெதுவாக் குடிச்சா அது வெறும் சுடுதண்ணி."

"அது ஃபேக்டரில. இது ஆபீஸ்."

"ஆபீஸ்லயும் டீ டீதான அம்முணி?"

எனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியல, அழுதுட்டேன். மீட்டிங்ல நடந்தது, 'சர்ரு', அட்டெண்டன்ஸு, ஸ்ட்ரா, எல்லாத்தையும் கொட்டுனேன். மூக்கு ஒழுக ஒழுக. "எல்லாரும் உங்களப் பாத்து சிரிக்கறாங்கப்பா. அங்கயும் சிரிப்பாங்க. வேலை தர மாட்டாங்க"ன்னேன்.

அப்பா டம்ளரக் கீழ வெச்சுட்டாரு. "இத்தன நாளா சொல்லவே இல்லியே கண்ணு"ன்னாரு. அப்புறம் டம்ளர எடுத்து ஒரு வாய் குடிச்சாரு. சத்தமே இல்ல. ஒரு பூன பால் குடிச்சாக்கூட அத விட சத்தம் வரும்.

"சரிங்களா டீச்சர்?"

"கண்டிப்பா? சனிக்கெழமையும்?"

"கண்டிப்பா. நீயும் கூட வா. அப்பா ஏதாவது தப்பு பண்ணுனா கண்ணக் காட்டு, நிறுத்திக்கறேன்."

அன்னைக்கு எட்டு மார்க் போட்டேன்.

சனிக்கெழம தூறல். அப்பா முழுக்கை சட்டை, மாமாவோட ஷூ. ஷூ ஒரு சைஸ் பெருசு, முன்னாடி நியூஸ்பேப்பர் அடச்சு விட்டாங்க அம்மா. நடந்தா கசகசன்னு சத்தம். அதுக்கும் மார்க் கொறைக்கலாமான்னு யோசிச்சுட்டே வந்தேன்.

மாமா எங்கள உள்ள அனுப்பிட்டு வெளியவே நின்னுட்டாரு. அந்த ரூம் அவரு சொன்ன மாதிரியேதான். ஒரு செவுத்துல பூரா கண்ணாடி. அதுக்குக் கீழ நீளமா ஒரு மேட, அதுல பன்னெண்டு வெள்ளக் கப்பு வரிசையா, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி மூடி போட்ட குட்டி ஜாடி. தரையில சக்கரம் வெச்ச ஒரு பித்தள ட்ரம். பெரிய சாருக்கு வெள்ள மீச, ஏப்ரன் கட்டியிருந்தாரு. அப்பா கதவத் தட்டி, "மே ஐ கம் இன் சார்" சொன்னாரு. பர்ஃபெக்ட். ஒரு கை, ஒரு குலுக்கு, விட்டாரு. பர்ஃபெக்ட்.

"பாப்பா யாரு?"ன்னாரு சார்.

"என் பொண்ணுங்க சார். எனக்கு ட்ரெயினிங் குடுத்ததே இவதானுங்க"ன்னாரு அப்பா.

சார் சிரிச்சாரு. "அப்ப எங்களுக்கும் பயமாத்தான் இருக்கு"ன்னு சொல்லி எனக்கு ஓரமா ஒரு ஸ்டூல் போடச் சொன்னாரு. நல்ல மனுசன். எனக்கு இன்னைக்கு வரைக்கும் அவரு மேல கோவப்படக்கூட ஒரு காரணம் கெடைக்கல.

வேலை சிம்பிள். பன்னெண்டு கப்புல பதினொண்ணு நல்ல டீ, ஒண்ணு மட்டும் கெட்டது. எதுன்னு, எதனாலன்னு சொல்லணும். எங்கப்பாவுக்கு இது தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும்.

"மொதல்ல நான் ஒருவாட்டி போயிடறேன்"னு சார் ஸ்பூன எடுத்தாரு. மொதக் கப்பு.

சர்ர்ர்ர்ருப்.

நான் ஸ்டூல்ல இருந்து விழாத கொற. எங்கப்பா எல்லாம் சும்மா. அது வேற லெவல் சத்தம், ஜன்னல் கண்ணாடி அதிருச்சு. உருட்டுனாரு, தள்ளி நின்னுட்டே அந்தப் பித்தள ட்ரம்முல சரியா துப்புனாரு, ட்ரம்ம கால்ல ஒரு தள்ளு, அடுத்த கப்பு. சர்ர்ருப், து. சர்ர்ருப், து. பன்னெண்டும் ஒரு நிமிசத்துல முடிஞ்சுது.

அப்பா என்னையத் திரும்பிப் பாத்தாரு.

அந்த மூஞ்ச என்னால மறக்க முடியல. பரிட்ச ஹால்ல தெரிஞ்ச கேள்வியே வந்துட்டா ஒரு மூஞ்சி வரும்ல, அது. புருவத்தத் தூக்கி, லைட்டா சிரிச்சுட்டு, பாத்தியா அம்முணி, அவரே பண்றாரு, நானும் பண்ணட்டுமான்னு கேக்கற மூஞ்சி. பர்மிஷன் கேட்டாரு. என்கிட்ட.

நான் வேண்டாம்னு தலைய ஆட்டுனேன்.

எதுக்கு ஆட்டுனேன்னு எத்தனையோ தடவ யோசிச்சிருக்கேன். கண்ணு முன்னாடி பாத்தாச்சு, காதால கேட்டாச்சு, அப்புறமும். எனக்கு அப்ப தோணுனது இதான்: அவரு சார். அவரு பண்ணலாம். எங்க ப்ரின்சிபால் க்ளாஸ்ல ஃபோன் பேசுவாரு, நாங்க பேசுனா வெளிய நிக்கணும். அதே மாதிரிதான இதுவும்? அவரு உறிஞ்சுனா யாரும் அவரு பொண்ண சர்ருன்னு கூப்புட மாட்டாங்க. நாம உறிஞ்சுனா கூப்புடுவாங்க. பத்து வயசுல உலகம் எனக்கு அவ்ளோ தெளிவாப் புரிஞ்சிருந்துச்சு.

அப்பா தலைய ஒரு தடவ ஆட்டிக்கிட்டாரு, சரின்னு. ஸ்பூன எடுத்தாரு. சத்தமில்லாம குடிச்சாரு. துப்பல, முழுங்குனாரு. மத்தவங்க முன்னாடி துப்பக் கூடாதுங்கறது என் நோட்டுல ஆறாவது ரூலு. கர்ச்சீப்ல ஒதட்ட ஒத்திக்கிட்டாரு. அடுத்த கப்பு. முழுங்கி, ஒத்தி, அடுத்தது. கல்யாணப் பந்தில பாயசம் குடிக்கற மாதிரி, ருசி புடிபடாம ஒவ்வொண்ணுலயும் முக்காக் கப்பு வரைக்கும், பன்னெண்டும்.

சாரோட உதவியாளு ஒருத்தரு பக்கத்துல நின்னாரு, அவரு தரையப் பாத்துட்டு இருந்தாரு. சார் கொஞ்ச நேரம் அப்பாவப் பாத்தாரு. அப்புறம் ஸ்டூல்ல இருந்த என்னையப் பாத்தாரு, மறுபடியும் அப்பாவ. அப்பாவ ஜன்னல் பக்கம் கூட்டிட்டுப் போய் மெதுவாத்தான் சொன்னாரு, ஆனா எனக்குக் கேட்டுச்சு. "பாப்பா கொஞ்ச நேரம் வெளிய மாமா கூட இருக்கட்டுமே? பிஸ்கட் குடுக்கச் சொல்றேன். நீங்க ஃப்ரீயா இன்னொரு ரவுண்டு வாங்க."

அப்பா என் பக்கம் திரும்பல. "வேண்டாங்க சார்"னாரு. "அவ இருக்கட்டும்."

எனக்கு எவ்ளோ பெருமையா இருந்துச்சு தெரியுமா? நேரா நிமிந்து உக்காந்துக்கிட்டேன். நான் இல்லாம அப்பாவால முடியாதுன்னு நெனச்சேன்.

"சரி, உக்காருங்க. எது?"

அப்பா உக்காந்து மறுபடியும் கப்புங்களப் பாத்தாரு. "அஞ்சாவதுங்க சார். கொஞ்சம் பழைய வாசம்."

சார் எட்டாவது கப்புல ஸ்பூன விட்டு ஒரு இழுப்பு இழுத்தாரு. மூஞ்சி சுருங்குச்சு. துப்பிட்டு, "புகை"ன்னாரு. அந்த ஒரு வார்த்ததான்.

புகை. குண்டூசி சைஸ் ஓட்டைல இருந்து வந்த புகையக் கண்டுபுடிச்சவரு எங்கப்பா.

"சொல்லியனுப்பறோம்"னாரு சார். அப்பா எந்திரிச்சாரு, ஒரு கை, ஒரு குலுக்கு. கதவுகிட்ட போய் நின்னு திரும்பி, "தேங்க்யூ ஃபார் யுவர் டைம் சார்"னாரு. ஒரு எழுத்து தப்பில்ல. சார் நீட்டுன பிஸ்கட்ல நான் ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டு தேங்க்யூ சொன்னேன்.

சொல்லியனுப்பவே இல்ல. எனக்குப் பின்னாடி வந்த ஆளு பத்து நிமிசத்துல எட்டாவது கப்பப் புடிச்சுட்டாருன்னு ரொம்ப வருசம் கழிச்சு மாமா சொன்னாரு. 'எனக்குப் பின்னாடி'ன்னு டைப் பண்ணிட்டேன் பாருங்க. அப்பாவுக்குப் பின்னாடி. விடுங்க, தப்பொண்ணுமில்ல.

மாமா அத சொன்னது நான் காலேஜ் ரெண்டாவது வருசம் படிக்கறப்ப, ஒரு பொங்கல் லீவுல. ஏதோ பேச்சுல நான் திமிரா, "அப்பாவுக்கு அம்பிஷனே இல்ல மாமா, அதான் அங்கயே கெடக்கறாரு"ன்னு சொல்லிட்டேன். மாமாவுக்கு சுர்ருனு ஏறிருச்சு. "ஏய், வாய மூடு. அந்த வேலை போனது யாரால தெரியுமா? சார் அன்னைக்கே ஜீப்புல வெச்சுச் சொன்னாரு. உங்க மச்சானுக்கு நாக்கு இருக்குதுன்னு ஊரே சொல்லுது, ஆனா பொண்ணு பாக்குதுன்னு உறிஞ்சவே மாட்டேங்கறாரே, நான் என்னய்யா பண்ணுவேன்னு. டேஸ்டருக்கு உறிஞ்சறதுதான் மரியாதை. மெதுவாக் குடிச்சா டீயவே மதிக்கலன்னு அர்த்தம். உங்கப்பாவுக்குத் தெரியாதா அது? கேட்டேன் உங்கப்பாகிட்ட, ஏனுங்க மச்சான், புள்ளைய வெளிய அனுப்பிருந்தா முடிஞ்சுதுல்லன்னு. என்ன சொன்னாரு தெரியுமா? 'அனுப்புனா, தான் சொல்லிக் குடுத்தது பூரா தப்புன்னு அத்தன பேரு முன்னாடி அதுக்குத் தெரிஞ்சு போயிருக்கும் மாப்ள. ஏற்கனவே ஸ்கூல்ல என்னால கூனிக் குறுகிப் போயிருக்குது'ன்னு."



அப்பா அதே ஃபேக்டரில தான் இன்னமும் இருக்காரு. அதே தூசி. இப்ப சட்டப் பாக்கெட்டுல எப்பவும் இன்ஹேலர் இருக்கு. ஊட்டுல அந்த சனிக்கெழமைக்கு அப்புறம் அவரு டீய உறிஞ்சிக் குடிச்சதே இல்ல. காலைல அம்மா டம்ளரக் குடுத்தா சத்தமில்லாமக் குடிச்சுட்டு வெச்சுருவாரு. பக்கத்து ஊட்டுக்காரங்க வேற அலாரம் வாங்கிட்டாங்க.

போன லீவுக்கு ஊருக்குப் போனப்ப மத்தியானச் சோறு எடுத்துட்டு ஃபேக்டரிக்குப் போனேன். டேஸ்டிங் மேட கிட்ட போறதுக்கு முன்னாடியே கேட்டுச்சு. அந்தத் துணி கிழியற சத்தம். சர்ர்ர்ருப். நடுவுல இருமல், திரும்பவும் சர்ர்ர்ருப். அப்படியே நின்னுட்டேன். பன்னெண்டு வருசம் ஆச்சு அதக் கேட்டு. கதவத் தள்ளிட்டு உள்ள போனேன். அப்பா என்னையப் பாத்தாரு, "வா கண்ணு"ன்னாரு. அடுத்த ஸ்பூன எடுத்து, சத்தமில்லாம குடிச்சு, கர்ச்சீப்ல ஒத்திக்கிட்டாரு.

உறிஞ்சுங்கப்பான்னு சொல்லத்தான் நெனச்சேன். சாப்பாட்டு டப்பாவ வெச்சுட்டு வந்துட்டேன். ஆபீஸ்ல வாய்க்கு வாய் பேசறவ நான்.

அன்னைக்கு, அந்த சனிக்கெழம, திரும்பி வர்ற பஸ்ஸுல நான் ஜன்னல் சீட்டு. அப்பா மடியில நோட்ட வெச்சு மார்க் போட்டேன். ஒவ்வொண்ணா டிக் அடிச்சேன், கதவு, கை, உக்கார்றது, டீ, தேங்க்யூ. பஸ்ஸு நாலு வளைவு ஏறியிருக்கும், அப்பா எந்திரிச்சு கண்டக்டர்கிட்ட போய் காதுல ஏதோ சொன்னாரு. பன்னெண்டு கப்பு டீ. வண்டிய ஓரங்கட்டுனாங்க. அப்பா மாமாவோட ஷூ கசகசக்க எறங்கி, தேயிலைச் செடிக்கு நடுவுல போய் எங்களுக்கு முதுகக் காட்டிட்டு நின்னாரு. நின்னாரு, நின்னுட்டே இருந்தாரு. கண்டக்டர் படியில தொங்கிட்டே, "ஏனுங்கண்ணா, தோட்டம் முச்சூடும் நீங்களே தண்ணி பாய்ச்சிட்டு வர்றீங்களா?"ன்னு கத்துனாரு. பஸ்ஸே சிரிச்சுது. நானும் சிரிச்சேன், எல்லாத்த விடவும் சத்தமா.

அவரு வந்து உக்காந்ததும் நோட்டக் காட்டுனேன்.

"பத்துக்குப் பத்தா?"ன்னாரு. "ஒண்ணுகூட கொறைக்கலியா அம்முணி?"

"நீங்க ஒரு தப்பு கூட பண்ணலப்பா"ன்னேன்.

பேனாவக் கேட்டாரு. ரேங்க் கார்டுல போடற மாதிரியே, மார்க்குக்குக் கீழ, நிதானமா கையெழுத்துப் போட்டாரு. பேரன்ட் எடத்துல இல்ல, ஸ்டூடன்ட் எடத்துல. நான் அத வாங்கி, மை காயற வரைக்கும் ஊதி, பத்தரமா பைக்குள்ள வெச்சுட்டு, அவரு தோள்ல சாஞ்சு, அடுத்த வாரம் அப்பா அந்த ரூமுக்குப் போறப்ப என்ன கலர் டை கட்டலாம்னு யோசிச்சுட்டே வந்தேன்.